விடுதி நோட்டில் இருந்த புள்ளிகள்



சென்ற பள்ளி விடுமுறையில் வீட்டு மாடியைத் துப்புரவு செய்தபோது பழைய அட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே படக்கதைப் புத்தகங்கள். அவற்றின் அடியில் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில் தங்கியிருந்த நாள்களில், மாலை நேரங்களில் நானும் என் அறை நண்பரும் படித்த படக்கதைகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி வழங்கி எழுதிவைத்த நோட்டு அது. புள்ளியிடும் தொழிலுக்குப் பயின்றுகொண்டிருந்தவர்கள் அல்லவா? கைக்குக் கிடைத்தவற்றுக்கெல்லாம் புள்ளி வழங்கிப் பார்த்திருக்கிறோம்!

அந்த நோட்டு என்னைச் சற்றே நாணவும் வைத்தது. காரணம் இதுதான். விடுமுறைக்கு முந்திய வாரம், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் செய்யுள் பாடத்தின்போது மேசைக்கடியில் படக்கதை படித்துக்கொண்டிருந்தான். புத்தகத்தைப் பறித்து என் இழுப்பறையில் வைத்தேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. "சார், நீங்க இதைப் படிச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டான். நான் விடை கூறவில்லை.

எனவே அந்த விடுமுறையில் ஆறு கதைகளை மீண்டும் படித்தேன். அனைத்தும் 'சூப்பர் ஹீரோ' எனப்படும் மீத்திறன் நாயகர்களின் கதைகள். ஏறத்தாழ அவை வெளிவந்த கால வரிசையில், அன்று நான் வழங்கிய புள்ளியையும் இன்று வழங்கும் புள்ளியையும் கீழே தருகிறேன்.

1. சூப்பர்மேன் – ஆக்‌ஷன் காமிக்ஸ், முதல் இதழ் (1938)
அன்று: 4. இன்று: 9.

"பறக்கவில்லை. வலுவான எதிரி இல்லை" என்பது விடுதி நோட்டில் உள்ள என் குறிப்பு. இரண்டும் உண்மைதான். முதல் கதையில் சூப்பர்மேன் பறப்பதில்லை. ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம் தாவுகிறான், அவ்வளவே. அவன் எதிர்ப்பவர்கள் யார்? செய்யாத கொலைக்காக மின்நாற்காலியில் ஏற்றப்படவிருக்கும் பெண்ணைக் காக்க நள்ளிரவில் ஆளுநரின் வீட்டுக் கதவைப் பெயர்க்கிறான். மனைவியை அடிக்கும் கணவனைத் தடுக்கிறான். செனட்டர் ஒருவரைக் கைக்குள் போட்டுக்கொண்ட தரகனைப் பிடித்து உலுக்குகிறான். 13 பக்கங்களில் இத்தனையும் நடந்துவிடுகின்றன. அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் உழன்ற காலம் அது. எளியவனுக்கு நீதி கிடைக்காத ஊரில், நீதியை வாங்கித் தர ஒருவன் வேண்டும் என்ற ஏக்கமே அந்தக் கதை. எதிரி வேற்றுக் கோளிலிருந்து வரவேண்டிய தேவை இருக்கவில்லை.

இதை எழுதியவர் ஜெர்ரி சீகல். வரைந்தவர் ஜோ ஷஸ்டர். கிளீவ்லாந்து நகரின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நண்பர்களானவர்கள். யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். அப்போது இருவருக்கும் வயது 23. பக்கத்திற்குப் பத்து டாலர் வீதம் 130 டாலர் பெற்றுக்கொண்டு, சூப்பர்மேனின் முழு உரிமையையும் பதிப்பகத்திற்கு எழுதிக் கொடுத்தனர். அந்தக் காசோலை 2012இல் ஏலத்திற்கு வந்தபோது 160,000 டாலருக்கு விலைபோனது. அந்தத் தொகையைக் காண இருவருமே உயிருடன் இல்லை.

2. பேட்மேன் – டிடெக்டிவ் காமிக்ஸ், 27ஆம் இதழ் (1939)
அன்று: 9. இன்று: 5.

அன்று ஒன்பது புள்ளி பெற்றது வௌவால் உடைதான் என்று நினைக்கிறேன். இன்று படித்தால் ஆறே பக்கத்தில் அவசர அவசரமாக முடிந்துவிடும் துப்பறியும் கதையாகவே தெரிகிறது. அதன் கரு, 'ஷேடோ' எனும் நாயகன் தோன்றிய மலிவுப் பதிப்புக் கதை ஒன்றிலிருந்து பெறப்பட்டது. முடிவில் வில்லன் அமிலத் தொட்டியில் வீழ்ந்து மடிகிறான். பேட்மேன் அதற்காகச் சற்றும் வருந்துவதில்லை. உயிர்க்கொலை செய்யாத பேட்மேன் பின்னாளில் உருவானவன்.

இக்கதையை எழுதியவர் பில் ஃபிங்கர். ஆனால் முதல் பக்கத்தில் ஓவியர் பாப் கேனின் பெயர் மட்டுமே இருக்கும். முகமூடியும் மேலங்கியும் இன்று நாம் காணும் வடிவம் பெற்றதில் ஃபிங்கரின் பங்கு பெரிது. புரூஸ் வேய்ன் என்ற பெயரும் கோத்தம் என்ற நகரப் பெயரும் அவர் தந்தவையே. 1974இல் அவர் இறக்கும்வரை இணைப் படைப்பாளர் என்ற பெயர் அவருக்குக் கிட்டவில்லை. சிறுவர் நூலாசிரியர் மார்க் டைலர் நோபில்மேன் அவரது வரலாற்றைத் தேடித் தொகுத்து 2012இல் நூலாக வெளியிட்டார். 2015இல்தான் நிறுவனம் ஃபிங்கரின் பெயரையும் சேர்க்க இசைந்தது. இறந்து 41 ஆண்டுகள் கழித்து வந்த அங்கீகாரம்!

3. ஸ்பைடர்மேன் – அமேசிங் ஃபேன்டசி, 15ஆம் இதழ் (1962)
அன்று: 8. இன்று: 10.

ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த 11 பக்கக் கதை. நிறுத்தப்படவிருந்த இதழில் வெளிவந்தது. சிலந்தி கடித்ததால் ஆற்றல் பெற்ற பீட்டர் பார்க்கர், அதைக் காட்டிப் பணமும் புகழும் சேர்க்கிறான். தன்னைக் கடந்து ஓடும் திருடனைத் தடுக்க ஒரு கால் நீட்டியிருந்தால் போதும். தனக்கென்ன என்று விட்டுவிடுகிறான். பின்னர் அதே திருடன் அவனை வளர்த்த சித்தப்பாவைக் கொன்றுவிடுகிறான்.

"சண்டை குறைவு" என்று அன்று இரண்டு புள்ளிகளைக் குறைத்திருக்கிறேன். இன்றோ, சண்டை குறைவாக இருப்பதே இதன் சிறப்பு என்பேன். தீயவனை வெல்லும் கதைகள் ஆயிரம் உண்டு. செய்யாமல் விட்ட ஒரு செயலுக்காக வாழ்நாளெல்லாம் கடன் அடைக்கும் நாயகன் சிறுவர் படக்கதைக்குப் புதியவன். நன்னெறிப் பாடத்தில் நாற்பது நிமிடம் பேசியும் நான் புரியவைக்க இயலாத ஒன்றை இக்கதை கடைசி மூன்று நான்கு படங்களில் புரியவைத்துவிடுகிறது.

4. ஸ்பைடர்மேன் – அமேசிங் ஸ்பைடர்மேன், 33ஆம் இதழ் (1966)
அன்று: 10. இன்று: 10.

இரண்டு முறையும் முழுப் புள்ளி பெற்றது இது ஒன்றே. பெரும் இயந்திரத்தின் அடியில் ஸ்பைடர்மேன் சிக்கிக்கிடக்கிறான். மேலிருந்து நீர் ஒழுகுகிறது. நோயுற்ற மே அத்தையைக் காக்கும் மருந்து கைக்கெட்டாத் தொலைவில் கிடக்கிறது. அவன் அந்தச் சுமையைத் தூக்கியாக வேண்டும். கதை இவ்வளவுதான். டிட்கோ இதைப் பக்கம் பக்கமாக நீட்டுகிறார். சுமை அசைய அசையப் படங்களின் அளவும் வளர்கிறது. சுமை எழும் கணத்தில் படம் முழுப் பக்கத்தையும் நிறைக்கிறது. எழுத்துகளை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் கதை விளங்கும். ஓவியர் எப்படிக் கதை சொல்லுகிறார் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. இக்காலத்தில் கதையமைப்பு டிட்கோவுடையது என்று இதழே அச்சிட்டது. அதே ஆண்டில் அவர் அத்தொடரை விட்டு விலகினார்.

5. ஸ்பைடர் – 'லயன்' வார இதழ், பிரிட்டன் (1965 முதல்)
அன்று: 10. இன்று: 7.

பெயர் ஒத்திருப்பினும் இவன் வேறு. கூரிய காதும் கறுப்பு உடையும் கொண்ட இந்த ஸ்பைடர், முதலில் குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக விரும்பியவன். பின்னரே குற்றவாளிகளுக்கு எதிரியாக மாறினான். பிரிட்டனின் 'லயன்' வார இதழில் டெட் கோவன் எழுத, ரெஜ் பன் வரைய, 1965இல் தோன்றினான். தமிழில் இவனைச் சிவகாசியின் லயன் காமிக்ஸ் 1984இல் அறிமுகப்படுத்தியது. தமிழகம் சென்று திரும்பிய என் மாமா கொண்டுவந்த சிறிய புத்தகங்களில்தான் நான் இவனைச் சந்தித்தேன். தமிழ் பேசிய வில்லனை விரும்பாத பையன் யார்? பத்துப் புள்ளி அந்த அன்புக்கு வழங்கியது. இன்று படித்தால் கதை நம்பகத்தன்மையைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடுகிறது. ஆயினும் அந்த ஓட்டத்தில் ஒரு துணிவு இருக்கிறது.

அந்தத் துணிவு யாருடையது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். 1966 முதல் ஸ்பைடர் கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஆம், சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல்! 1947இல் பதிப்பகத்தின்மீது வழக்குத் தொடுத்ததால் சூப்பர்மேன் இதழ்களிலிருந்து இவர் பெயர் அகற்றப்பட்டது. 1959இல் பெயரின்றி அங்கேயே கூலிக்கு எழுதத் திரும்பினார். அறுபதுகளின் நடுவில் மீண்டும் உரிமை கோர முனைந்தபோது அந்த வேலையும் போயிற்று. அக்காலத்தில்தான் கடல் கடந்த வார இதழுக்கு அவர் ஸ்பைடரை எழுதினார். அக்காலப் பிரிட்டன் வார இதழ்கள் பொதுவாக எழுத்தாளர் பெயரை அச்சிட்டதில்லை. எனவே நான் கண்விழித்துப் படித்த கதையின் ஆசிரியர் பெயரை அறியாமலேயே அவருக்குப் பத்துப் புள்ளி வழங்கியிருக்கிறேன். மாணவர் பெயர் எழுதாத தாளைத் திருத்த மறுக்கும் நான்!

6. ஸ்பைடர்மேன் – அமேசிங் ஸ்பைடர்மேன், 96 முதல் 98 வரை (1971)
அன்று: 5. இன்று: 8.

"அறிவுரை மிகுதி" என்பது பழைய குறிப்பு. இதன் அருமை வரலாற்றை அறிந்தால்தான் விளங்கும். 1940களின் இறுதியிலேயே அமெரிக்காவில் படக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்ற அச்சம் பரவியது. 1948இல் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சர் ஊரில், பெரியவர்களின் ஊக்கத்துடன் பள்ளி மாணவர்களே புத்தகங்களைக் குவித்து எரித்தனர். 1954இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தம் இளையர் குற்றங்களையும் படக்கதைகளையும் தொடர்புபடுத்தி நூல் எழுதினார். செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது. பதிப்பகங்கள் தாமே 'காமிக்ஸ் நெறிமுறை' என்ற தணிக்கையை ஏற்படுத்திக்கொண்டன. அந்த முத்திரை இல்லாத இதழை விற்கக் கடைகள் தயங்கின.

போதைப்பொருளின் தீமையைக் கதையில் சொல்லுமாறு அமெரிக்கச் சுகாதார, கல்வி, நலத்துறை ஸ்டான் லீயிடம் கேட்டுக்கொண்டது. அவரும் எழுதினார். பீட்டரின் நண்பன் ஹாரி மாத்திரைகளுக்கு அடிமையாகும் கதை. தீமையைக் காட்டினாலும் போதைப்பொருள் என்ற பேச்சே கூடாது என்று தணிக்கையாளர் முத்திரை வழங்க மறுத்தனர். மூன்று இதழ்களும் முத்திரையின்றியே வெளிவந்தன. வானம் இடிந்து விழவில்லை. அதே ஆண்டில் நெறிமுறைதான் திருத்தப்பட்டது. 2011இல் அடியோடு மறைந்தது. வெர்த்தம் தம் நூலில் சிறார் கூறியவற்றை மாற்றியும் மிகைப்படுத்தியும் எழுதியிருந்தார் என்பதை ஆய்வாளர் கேரல் டில்லி 2012இல் வெளிப்படுத்தினார்.

இந்தக் கதையைப் படித்து முடித்தபோது என் இழுப்பறையில் இருந்த புத்தகம் நினைவுக்கு வந்தது. பாட நேரத்தில் படித்தது தவறுதான், அதில் ஐயமில்லை. ஆனால் பறித்தபோது நான் கூறியது 'பாட நேரம்' என்பதன்று. 'குப்பை' என்றேன். அட்டையைக்கூடப் பார்க்காமல் சொன்னேன்.

சீகலின் கதையை முடித்துவிடுகிறேன். 1975இல், சூப்பர்மேன் திரைப்படம் உருவாகப்போவதை அறிந்த அவர், தமக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் செய்தியாளர்களுக்கு எழுதினார். ஷஸ்டரின் கண்பார்வை அப்போது மிகவும் மங்கியிருந்தது. ஓவியர்களும் எழுத்தாளர்களும் அவர்களுக்குத் துணை நின்றனர். அந்த ஆண்டின் இறுதியில் நிறுவனம் இருவருக்கும் ஆண்டுக்குத் தலா 20,000 டாலர் வழங்கவும், சூப்பர்மேனைப் படைத்தவர்கள் என்று அவர்கள் பெயரை மீண்டும் அச்சிடவும் இசைந்தது. முதல் கதையில் அப்பாவிப் பெண்ணுக்கு ஒரே இரவில் நீதி கிடைத்துவிடுகிறது. அதை எழுதியவர்கள் 37 ஆண்டுகள் காத்திருந்தனர். முதல் கதைக்கு இன்று ஒன்பது புள்ளி வழங்கியதற்கு இதுவும் காரணம். அந்த ஏக்கம் வெறும் கற்பனையன்று.

பள்ளி திறந்த முதல் நாள் ஓய்வு நேரத்தில் அந்த மாணவனை அழைத்துப் புத்தகத்தைத் திருப்பித் தந்தேன். "படிச்சிருக்கேன்ப்பா. நிறையப் படிச்சிருக்கேன். குப்பைன்னு சொன்னது தப்பு" என்றேன். அவன் என்னை நம்பாதவன்போல் பார்த்தான். பாட நேரத்தில் எடுக்கக்கூடாது. கதையைப் படிக்கும் முன் அதை உருவாக்கியவர்களின் பெயர்களைக் கண்டுபிடித்து எழுதிவர வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் விதித்தேன்.

மறுநாள் கட்டுரை நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டினான். எழுதியவர், வரைந்தவர், மை தீட்டியவர், வண்ணமிட்டவர், எழுத்துப் பொறித்தவர், தொகுத்தவர் என்று ஆறு பெயர்கள்.

"இத்தனை பேரா சார்?" என்றான்.

சிவப்பு மைப் பேனாவை எடுத்து, பத்துக்குப் பத்து என்று எழுதினேன்.