கருவியின் பங்கு எவ்வளவு?

ஆம்பூரில் என் மாணவர்கள் பலரின் வீட்டில், 2020ஆம் ஆண்டு பொதுமுடக்கத்தின்போது ஒரே கைப்பேசிதான் இருந்தது. ஷூ கம்பெனிகள் மீண்டும் திறந்ததும் அது தாயாரோடு வேலைக்குப் போய்விடும். நானோ என் பாடப்படத்தைத் திறந்தவர்களை எண்ணி மகிழ்ந்துகொண்டிருந்தேன். கல்லூரி திறந்தபின் வெர்னியர் அளவியைக் கையில் கொடுத்தேன். சுழிப்பிழை பார்க்கத் தெரிந்தவர் சிலரே. நான் அளந்தது கற்றலை அன்று.

கருவி வழிக் கல்வியை அளப்பது எப்படி? இக்கேள்வி நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளைக் கொண்டு இஸ்ரோ ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வழங்கிற்று. தமிழ்நாடு அவற்றில் இல்லை. ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்திலிருந்து வந்த அலையைப் பிடித்தது எது தெரியுமா? கோழிக்கூண்டுக் கம்பிவலையால் செய்த பத்தடிக் கிண்ணம்! அலைநீளம் சுமார் 35 செ.மீ.; வலைக்கண்ணோ மிகச் சிறியது. ஆகவே அவ்வலைக்குக் கம்பிவலையும் தகடும் ஒன்றே.

காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி. தொலைக்காட்சி இல்லாத கிராமங்களோடு ஒப்பிட்டே ஆய்வாளர்கள் பயனை அளந்தனர். பாடத் தேர்வுகளில் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை, மொழித்திறன் வளர்ந்திருந்தது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் இரண்டாவது தெரிந்திராது. அதே திட்டத்தில் 40,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அறிவியல் பயிற்சி பெற்றனர். அங்கே தொலைக்காட்சியோடு வானொலியும், அச்சிட்ட பாடமும், செய்முறையும், அருகில் ஒரு வழிகாட்டியும் இருந்தனர். இன்று ‘கலப்புக் கற்றல்’ என்கிறோமே, அதுதான்.

2015இல் டெல்லியில் நடந்த ஆய்வு இன்னும் கறாரானது. 619 மாணவர்களில், மாலை நேரக் கணினி வகுப்பில் இலவசமாகச் சேர்பவர் யார் என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. நாலரை மாதத்தில் இடம் கிடைத்தவர்கள் கணக்கிலும் இந்தியிலும் தெளிவாக முந்தினர். ஆனால் வகுப்பில் பாதி நேரம் கணினி, பாதி நேரம் சிறு குழுவுக்கு ஒரு பயிற்றுநர். அப்படியானால் புகழ் யாருக்கு? இரண்டும் சேர்ந்தே தரப்பட்டதால் அந்த ஆய்வால் அதைப் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

இவ்வாண்டு நான் சீட்டுக் குலுக்கி வகுப்பை இரண்டாகப் பிரித்திருக்கிறேன். ஒரு பாதி கைப்பேசியில் படத்தைப் பார்த்துவிட்டு ஆய்வகம் வரும்; மறுபாதி நேரே வரும். இரண்டுக்கும் ஆசிரியர் நானே. படம் பார்க்க ஆய்வகத்திலேயே கைப்பேசி தருகிறேன். தாயாரின் பணிநேரம் என் கணக்கில் புகுந்துவிடக்கூடாதல்லவா?