விவாகரத்து

வடமொழி ‘விவாகம்’, அரபு ‘ரத்து’ ஆகிய இரண்டும் தமிழில் ஒட்டிப்போன சொல் விவாகரத்து. விவாகத்தின் வேரான ‘வஹ்’ என்ற வினையடிக்குச் சுமந்து செல்லுதல் என்று பொருள். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அழைத்துப்போவதே விவாகம். அரபியில் ‘ரத்’ என்றால் திருப்பி அனுப்புதல், மறுத்தல். பாரசீகம், உருது வழியாகக் கச்சேரித் தமிழுக்கு, அதாவது நீதிமன்ற, அலுவலகத் தமிழுக்கு வந்த இச்சொல்லுடன் வக்கீல், வக்காலத்து, ஜாமீன் ஆகியவையும் வந்து சேர்ந்தன.

சட்டப்படி பார்த்தால் இந்தப் பெயர் அவ்வளவு பொருத்தமில்லை. ரயில் ரத்து என்றால் அந்த ரயில் ஓடவே இல்லை. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் அத்தகைய ரத்துக்கு 11, 12-ஆம் பிரிவுகள் தனியாக உண்டு: செல்லாத திருமணம், செல்லாததாக்கத்தக்க திருமணம். 13-ஆம் பிரிவு சொல்வது வேறு. நடந்த திருமணம் நடந்ததுதான். தீர்ப்பு நாளிலிருந்து அது முடிகிறது. முடிவதும் கணவன் மனைவி உறவு மட்டுமே. குழந்தை யாரிடம் வளர்வது, படிப்புச் செலவு யாருடையது என்பதற்கு 26-ஆம் பிரிவின்கீழ் குடும்பநல வழக்கறிஞர் மனுப்போடுகிறார்; அந்த உத்தரவைப் பின்னர் மாற்றவும் கேட்கலாம்.

மணமுறிவு, மணவிலக்கு என்பன தனித்தமிழ் வடிவங்கள். முறிவு என்பதே நடந்ததற்கு நெருக்கமானது. கிராமத்து வழக்கான ‘அத்துவிடுதல்’, அறுத்துவிடுதலின் மரூஉ. பேச்சில் இன்று ‘டைவர்ஸ்’தான்.