வெள்வேலும் கொழுக்கட்டைப்புல்லும்: உறவை அளந்த கணக்கு

ஆண்டு முழுதும் மழை பெறும் ஸ்ரீ கெம்பாங்கானில் வாழும் நமக்கு, இடையிடையே வெறுமண் தெரியும் வறண்ட மேய்ச்சல் நிலம் அயலானது. ஆயினும் தமிழர் நெடுங்காலம் பேணிய நிலங்களுள் அதுவும் ஒன்று. காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களில் அதனைக் கொறங்காடு என்பர். கிளுவை வேலிக்குள் வெள்வேலும் கொழுக்கட்டைப்புல்லும் சேர்ந்து வளர்வதை மேய்ப்பவர் அறிவர். அச்சேர்க்கை உறவா, தற்செயலா என்பதை எண்ணால் எவ்வாறு அறிவது?

1900-இல் இங்கிலாந்தில் உட்னி யூல் இரு பண்புகளின் தொடர்பை நான்கு கட்ட அட்டவணையால் அளந்தார். கார்ல் பியர்சனின் கை வர்க்கச் சோதனையும் அவ்வாண்டினதே. அடுத்த ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பால் ஜக்கார்டு, ஆல்ப்சு மலையின் இரு இடங்களை ஒப்பிட, இரண்டிலும் உள்ள செடியினங்களின் எண்ணிக்கையை, ஒன்றிலேனும் உள்ளவற்றின் எண்ணிக்கையால் வகுத்தார். பின்வந்தோர் இவற்றை இரு செடிகளின் உறவுக்கும் பொருத்தினர்.

வறண்ட நிலத்தில் இவ்விரு வழிகளும் பிரிகின்றன. விளக்கத்திற்காக 100 சதுரங்களைக் கொள்வோம். ஒரு புல் 20 சதுரங்களிலும் மற்றொன்று 10 சதுரங்களிலும், இரண்டும் சேர்ந்து 8 சதுரங்களிலும் உள்ளன. தற்செயலாயின் 2 சதுரங்களையே எதிர்பார்ப்போம். கை வர்க்க மதிப்பு 25. ஜக்கார்டு எண் 22-இல் 8, அதாவது 0.36. இனி, ஒரு புல்லும் முளைக்காத பாறைப் பரப்பில் மேலும் 100 சதுரங்களைச் சேர்ப்போம். புற்களிடையே எதுவும் மாறவில்லை. கை வர்க்க மதிப்போ 57 ஆகிவிடுகிறது! ஜக்கார்டு எண் அசையாது. எனினும் அதுவும் குறையற்றதன்று: 100 சதுரங்களில் 90-இல் உள்ள இரு பொதுப்புற்கள் எவ்வுறவும் இன்றியே 0.8-க்குக் குறையாத எண்ணைப் பெறும்.

1953-இல் டேவிட் குடால், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து வறண்ட மல்லிப் புதர்க்காட்டில், சேர்ந்து வளரும் இனங்களைக் கொண்டே நிலத்தை வகைப்படுத்தினார். இந்தியப் புல்வெளிகளை ஆய்ந்து தபட்காவ், சங்கரநாராயண் இருவரும் 1973-இல் வெளியிட்ட நூலில், தமிழகம் உள்ளிட்ட தீபகற்பப் புல்வெளி செஹிமா–டைகாந்தியம் என இரு புற்களின் பெயரைச் சேர்த்தே வழங்கப்படுகிறது.

கொறங்காட்டுக்குத் திரும்புவோம். ஆடுகள் வெள்வேல் நெற்றைத் தின்று விதையைச் சாணத்தோடு பரப்புகின்றன. வேலி மேய்ச்சலைக் கட்டுப்படுத்திப் புல்லைக் காக்கிறது. எனவே மரமும் புல்லும் ஒன்றையொன்று தாங்காமலே, வேலியின் பயனால் மட்டும் கூடியிருத்தல் இயலும். வேலிக்கு உள்ளும் புறமும் சதுரங்களைக் கலந்து எண்ணினால் இவ்வேறுபாடு மறைந்துபோகும். முதலில் வேலிக்குள் மட்டும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.