உங்கள் வாசற்கதவு வந்த வழி

நம் குடியிருப்பில் ஏதாவது ஒரு வீட்டில் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. பழைய நிலைகளும் கதவுகளும் இடிபாடுகளோடு லாரி ஏறுகின்றன. அவற்றில் தேக்கும் உண்டு. அதே வாரத்தில் இன்னொருவர், "புத்தக அலமாரி செய்யணும், நல்ல மரம் பக்கத்தில் எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறார். தேக்கு நம் ஊருக்கு வந்த கதை தெரிந்தால், இந்தக் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. தண்ணீரும் கரையானும் அதை எளிதில் தொடுவதில்லை. அதனால் ஆங்கிலேயர்கள் கப்பல் கட்ட மலபார் தேக்கைத் தேடினார்கள். 1817இல் பம்பாயில் தேக்கால் கட்டிய 'திருகோணமலை' என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் மிதக்கிறது. வெட்டிய வேகத்தில் காடு குறைந்தது. 1840களில் மலபார் கலெக்டர் கொனொலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட ஏற்பாடு செய்தார். கன்றுகளை வளர்த்து நட்டு ஆளாக்கியவர் சாத்து மேனன். அன்று மலபார் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது.

நம் பக்கத்து ஆனைமலையிலும் இதே கதைதான். மலை உச்சியிலிருந்து மரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட இடமே டாப்ஸ்லிப். அங்கே மொட்டையான மலையில் மறுபடி தேக்கை வளர்த்தவர் வன அதிகாரி ஹியூகோ வுட். 1933இல் இறந்த அவருடைய கல்லறை அந்தத் தேக்குகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

அடுத்தது பர்மா. அங்கே தேக்கு வெட்டிய ஓர் ஆங்கிலக் கம்பெனிக்கு மன்னர் விதித்த அபராதத்தைக் காரணம் காட்டி, 1885இல் போர் தொடுத்து நாட்டையே எடுத்துக்கொண்டார்கள். கப்பலில் வந்த அந்த மரம்தான் செட்டிநாட்டு வீடுகளின் தூண்களாக நிற்கிறது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வழி அடைபட்டது. 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மரம் ஏற்றுமதியை மியான்மர் அரசே தடை செய்தது. நம் நாட்டிலும் 1996 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, நினைத்தபடி காட்டு மரம் வெட்ட முடியாது.

ஆகவே, கடைக்காரர் 'பர்மா தேக்கு' என்றால், எப்போது, எப்படி வந்தது என்று கேளுங்கள். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டங்களில் வளர்ந்த தேக்கும் இங்கே விற்பனைக்கு வருகிறது. அதில் தவறில்லை, ஆனால் இள மரத்தில் வைரம் குறைவு, வெளுத்த பகுதி அதிகம். அந்த வெள்ளைக்கட்டை சீக்கிரம் உளுத்துப்போகும்.

உங்களுக்குப் பக்கத்தில் கிடைப்பவை மூன்று. முதலாவது, பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடைகள். பல வருடம் காய்ந்து அடங்கிய மரம். இனி வளைவது குறைவு. வாங்கியதும் ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் இழைப்புளியின் வாய் போய்விடும். இரண்டாவது, மரவாடி. அங்கே கன அடிக் கணக்கு. அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும், நீளத்தை அடியிலும் அளந்து, மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுங்கள். 6 அங்குல அகலம், 2 அங்குல கனம், 6 அடி நீளமுள்ள பலகை அரை கன அடி. மூன்றாவது, பட்டா நிலத்தில் வளர்ந்து மரவாடிக்கு வரும் வேம்பு, பூவரசு, வாகை, பலா. வீணைக்குப் பலா, வண்டிச் சக்கரத்துக்குப் பூவரசு என்று நம்மவர்கள் எப்போதோ தேர்ந்தெடுத்தவை. உங்கள் அலமாரிக்கும் போதும். நன்றாகக் காய்ந்ததா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

நான்காவது இடமும் உண்டு: பக்கத்து வீட்டு வாசல். அடுத்த முறை நிலையைக் கழற்றும்போது ஓரத்தைக் கொஞ்சம் இழைத்துப் பாருங்கள். உள்ளே பொன்பழுப்பு நிறமும் தேக்கு வாசனையும் இருந்தால், லாரி வருவதற்கு முன்பு நம் அறிவிப்புப் பலகையில் ஒரு வரி எழுதிப் போடுங்கள். ஒரு காடு அழிந்து வந்த மரம் அது. குப்பைக்குப் போவதைவிட, அடுத்த மாடியில் அலமாரியாக நிற்கட்டும்.