கடலாதெனியவும் ‘தாக்கம்’ என்ற சொல்லும்

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் வந்து பிலிமத்தலாவையில் திரும்பினால் முதலில் கடலாதெனிய விகாரை. சில கிலோமீற்றர் தள்ளி லங்காதிலக. இரண்டும் 1344ஆம் ஆண்டுக்குரியவை. கம்பளையிலிருந்து நான்காம் புவனேகபாகு ஆண்ட காலம் அது. கலை வரலாற்றின் முறையியல் பற்றி யாராவது கேட்டால், இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் நான் சொல்வதுண்டு.

கடலாதெனிய கருங்கல் கட்டடம், பாறை மேல் நிற்கிறது. அதன் தூண்களும் மண்டபமும் தமிழ்நாட்டுக் கோயிலொன்றின் வாசலில் நிற்பதாக எண்ணவைக்கும். தூண் சிற்பங்களில் ஆடும் சிவனைக்கூடக் காணலாம். கருவறையில் இருப்பவரோ புத்தர்; பக்கத்தில் விஷ்ணுவுக்குத் தனிச் சந்நிதி. கட்டுவித்தவர் தர்மகீர்த்தி தேரர், கட்டியவர் கணேஸ்வராசாரி என்று அங்குள்ள பாறைக் கல்வெட்டு சொல்கிறது.

இவ்வளவையும் ‘தென்னிந்தியத் தாக்கம்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. தாக்கம் என்றால் தாக்கியவர் ஒருவர், தாக்குண்டவர் ஒருவர். பிரித்தானியக் கலை வரலாற்றாசிரியர் மைக்கல் பாக்ஸண்டால் 1985இல் வெளிவந்த தன் நூலில் இந்தச் சொல்லை எதிர்த்தே வாதிட்டார். முன்னால் இருந்தவர் பின்னால் வந்தவரை எதுவும் செய்வதில்லை. பின்னால் வந்தவர்தான் தேடுகிறார், எடுக்கிறார், மாற்றுகிறார், சிலதை ஒதுக்கிவிடுகிறார். அப்படிப் பார்த்தால் தர்மகீர்த்தி தேரர் எதற்கும் இரையாகவில்லை. ஒரு பாணியைத் தெரிவுசெய்திருக்கிறார்.

இனி லங்காதிலகவுக்குப் போவோம். அதே ஆண்டு, அதே அரசன். ஆனால் இது செங்கல், சாந்து, தடித்த சுவர். பொலன்னறுவையின் பெரிய சிலைமனைகளின் வழிவந்தது. கட்டுவித்தவர் சேனாலங்காதிகார என்ற அமைச்சர். சிற்பியின் பெயரோ ஸ்தபதி ராயர் என்று வழங்குகிறது! கட்டியவரின் பூர்வீகத்தை வைத்துப் பாணியைச் சொல்லிவிடலாம் என்ற கணக்கு இங்கே உதைக்கிறது.

கண்டிப் பகுதிக் கலையைப் பற்றிப் பேசும்போது ஆனந்த குமாரசுவாமியை விட்டுவிட முடியாது. கனிமவியல் அளவைக்காக ஊர் ஊராகத் திரிந்தவர், கண்டிக் கைவினைஞரிடம் நேரே கேட்டும் பார்த்தும் எழுதி, 1908இல் ‘மத்தியகால சிங்களக் கலை’ என்ற பொருளில் ஆங்கில நூலை வெளியிட்டார். தமிழரான சேர் முத்து குமாரசுவாமியின் மகன் அதை எழுதியதை இன்று நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பொருளைத் தூர நின்று இரசிக்காமல், செய்யும் கையிலிருந்து தொடங்கியதே அவருடைய பலம். பலவீனமும் உண்டு: 18ஆம் நூற்றாண்டுக் கண்டியை மத்தியகாலத்தின் மிச்சமாகவே அவர் கண்டார். அந்தப் பார்வையில் மாற்றம் என்பதெல்லாம் சீரழிவாகத்தான் தெரியும்.

கடலாதெனியவைப் பார்த்து ‘இது நம்முடையது’ என்று தமிழர் சொல்வதும், ‘வெளியிலிருந்து வந்து கலந்தது’ என்று சிங்களவர் சொல்வதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள் என்றே நினைக்கிறேன். இருவருமே சிற்பியின் இனத்தைத் தேடுகிறார்கள். ஒரே ஆண்டில் தேரர் கல்லையும் அமைச்சர் செங்கல்லையும் ஏன் தெரிவுசெய்தார்கள், யாருடைய காணியும் நெல்லும் இவற்றைத் தாங்கின என்ற கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டிய இடம் கல்வெட்டு. லங்காதிலகவில் அது சிங்களத்திலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கக்கூடிய மாணவர்தான் தேவை.