கடைசி வரியிலிருந்து கட்டப்பட்ட கார்

1947 அக்டோபர் 1. அன்று முதல் இங்கிலாந்தில் சொந்தக் காருக்குப் பெட்ரோல் கிடையாது. போரில் ஜெயித்து இரண்டு வருடம் ஆகியும் கஜானாவில் டாலர் இல்லை. சாதாரண வாகனக்காரர்களுக்கு அதுவரை அளந்து ஊற்றிவந்த அடிப்படை ரேஷனையும் அரசாங்கம் நிறுத்திவிட்டது. பெட்ரோலே இல்லாத ஊரில் பழைய காரை யார் வாங்குவார்? செகண்ட்ஹேண்ட் சந்தை படுத்துவிட்டது. அதில் கையைச் சுட்டுக்கொண்டவர்களில் ஒரு கல்லூரி மாணவரும் இருந்தார்.

பெயர் காலின் சாப்மன், வயது 19. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் கட்டடங்களும் பாலங்களும் ஏன் விழாமல் நிற்கின்றன என்று சொல்லித்தரும் கட்டமைப்புப் பொறியியல் படிப்பு. பழைய கார்களை வாங்கி விற்பது பக்கத் தொழில். சரக்கை நிறுத்திவைக்க, காதலி ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் மஸ்வெல் ஹில்லில் ஒரு கராஜ் இருந்தது. சந்தை சரிந்ததும் கையிலிருந்த கார்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். ஒன்று மட்டும் போகவில்லை. ஒரு பழைய ஆஸ்டின் செவன். மேல்கூடு முழுக்கத் துணி போர்த்திய கிழட்டு வண்டி. விற்க முடியாத அந்தக் கழிசடைதான் பிறகு நடந்த அத்தனைக்கும் காரணமாயிற்று.

ஆஸ்டின் செவனுக்கே ஒரு பிறந்த கதை உண்டு. ஹெர்பர்ட் ஆஸ்டினின் கம்பெனி கடனில் மூழ்கிக்கொண்டிருந்தபோது, ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயது வரைபடப் பையனைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்து, பில்லியர்ட்ஸ் மேஜைமேல் காகிதத்தை விரித்து வரையவைத்த கார் அது. 1922-ல் வந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-க்குள் ஏறத்தாழ 2,90,000 வண்டிகள் விற்றன. 747 சிசி எஞ்சின். கூம்பு முன்பக்கம் பார்த்த A எழுத்துப் போல ஒரு சேசிஸ். போருக்குப் பிறகு இங்கிலாந்தின் காயலான் கடைகளில் எங்கே பார்த்தாலும் அந்த A-க்கள்தான். துணிக்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அதன்மேல் தன் இஷ்டத்துக்கு ஒரு பந்தயக் கார் கட்டிக்கொள்வது காசில்லாத இளைஞர்களின் பைத்தியமாக இருந்தது. சாப்மனும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார்.

படித்துக்கொண்டிருந்த கணக்கு அவருக்கு அந்த கராஜில்தான் கைகொடுத்தது. கல்லூரி விமானப் படைப்பிரிவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர் என்பதால், விமானங்களைப் போலவே அலுமினியத் தகடு ஒட்டிய பிளைவுட்டில் கூடு கட்டினார். ஹேசலும் கூட நின்று வேலை செய்தார். 1948-ல் அந்த வண்டி சேற்றுமேடுகளில் ஏறும் போட்டிகளுக்குப் போனது. அதற்கு விழுந்த பெயர் லோட்டஸ், அதாவது தாமரை. ஏன் அந்தப் பெயர் என்று சாப்மன் கடைசிவரை வாய் திறக்கவில்லை. சேற்றில் விட்ட வண்டிக்குத் தாமரை என்பது நம் காதுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. மருதத் திணைக்காரருக்குக்கூட அதைவிட நல்ல பெயர் தோன்றியிருக்காது. ஆனால் சேற்றில் ஏறிக்கொண்டிருப்பதோடு அந்த ஆசை நிற்கவில்லை.

1951-ல் மைக்கேல், நைஜல் ஆலன் என்ற சகோதரர்களின் வீட்டுப் பட்டறையில் மூன்றாவது லோட்டஸ் தயாரானது. ஆஸ்டின் செவன் உறுப்புகளை வைத்தே ஓட வேண்டும் என்ற விதியுள்ள 750 மோட்டார் கிளப் பந்தயங்களில் அது மற்றவர்களைத் தூசி தின்னவைத்தது. ‘எனக்கும் ஒன்று செய்து கொடு’ என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். 1952 ஜனவரி 1-ம் தேதி கம்பெனி பிறந்தது. முதலீடு ஹேசல் கொடுத்த 25 பவுண்டு. ஆலை, ஹார்ன்ஸியில் சாப்மனின் அப்பா நடத்திய ரயில்வே ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம். பகலில் சாப்மன் ஓர் அலுமினியக் கம்பெனியில் சம்பளக்காரர். லாயம் திறந்தது சாயங்காலத்தில். அங்கேதான் அவர் ஆஸ்டினின் A-வைத் தூக்கிப்போடத் துணிந்தார்.

நான்கு குச்சிகளை நான்கு மூலையிலும் ஆணியடித்துச் சதுரம் செய்து, ஒரு மூலையை விரலால் தள்ளினால் சதுரம் படுத்துக்கொள்ளும். ஐந்தாவது குச்சியைக் குறுக்கே அடித்துவிட்டால் யானை தள்ளினாலும் குச்சி முறியுமே தவிர வடிவம் கலையாது. முக்கோணத்தின் பலம் அவ்வளவுதான். பாலம் கட்டுகிறவனுக்கு இது பாலபாடம். ஆனால் அந்தக் காலத்துக் கார்களின் சேசிஸ் பெரும்பாலும் ஏணியைப் படுக்கப்போட்டது மாதிரி இருந்தது. ஏணியின் இரு முனைகளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கினால் முறுக்கிக்கொள்ளும். மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்து, கூண்டு போல ஒரு சட்டத்தை சாப்மன் வரைந்தார். பற்றவைத்து முடித்து எடை போட்டபோது 55 பவுண்டு. நம் கணக்கில் 25 கிலோ. கடையில் விற்கிற ஓர் அரிசிப் பை. தோளில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். சேசிஸ் தயார், எஞ்சின்தான் கிடைக்கவில்லை.

அவர் கேட்டது ஃபோர்டு கான்சல் எஞ்சின். லாயத்தில் கார் கட்டும் ஆளுக்கு முழு எஞ்சினை ஃபோர்டு விற்கவில்லை. உதிரிபாகம் கேட்டால் டீலர் இல்லையென்று சொல்ல முடியாதே! ஒரு கடையில் ஒரு பாகம், இன்னொரு கடையில் இன்னொன்று என்று லண்டன் டீலர்களிடம் துண்டுதுண்டாக வாங்கிவந்து, லாயத்தில் வைத்து எஞ்சினைக் கோத்தார்கள். முழுசாக மறுக்கப்படுவது துண்டாகக் கிடைக்கும் என்ற பாடம் சாப்மன் மனசில் அன்று தங்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அப்படிப் பாடுபட்டுச் சேர்த்த அந்த ஆறாவது லோட்டஸை, அதே 1952-ல் நைஜல் ஆலன் போர்ஹாம் பந்தயத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். போய்ச் சேரவில்லை. வழியில் ஒரு ரொட்டி வேன் மோதியது. இருந்த ஒரே வண்டி நொறுங்கிப்போனது. சில காலத்தில் மைக்கேல் ஆலனும் கம்பெனியை விட்டு விலகினார். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் பணம் வந்து காப்பாற்றியது. அந்தப் பணத்தோடு சாப்மன் இன்னொரு முடிவையும் எடுத்தார்: இனி காரை விற்பதில்லை.

சேசிஸை விற்றார். சட்டம், அலுமினியத் தகடுகள், தாங்கிகள் இவை லோட்டஸ் கணக்கு. எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் வாங்குகிறவர் ஏதாவது ஒரு கிழட்டு ஃபோர்டிலிருந்து உருவிக்கொள்ள வேண்டும். வீட்டு கராஜில், ஞாயிற்றுக்கிழமையில், ஸ்பானரும் பொறுமையுமாக. 1955 வரைக்கும் சுமார் 110 பேர் அப்படி வாங்கிப் பூட்டினார்கள்.

இங்கே கதை கொஞ்சம் விலகி, இலங்கைப் பக்கம் போய்வர வேண்டியிருக்கிறது. அங்கே தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவருக்கு 1938-ல் பிறந்த ஜான் ஹேன்ஸ் என்ற பையன், படிப்பதற்காக இங்கிலாந்தில் கென்ட் பகுதியின் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். ரக்பி அவனுக்கு வேப்பங்காய். தலைமையாசிரியரைக் கெஞ்சி அந்த நேரத்தில் ஓர் ஆஸ்டின் செவனைப் பிரித்து, பந்தய வண்டியாகக் கட்ட அனுமதி வாங்கினான். முடித்து விற்பனை விளம்பரம் கொடுத்தால், வாங்க வந்தவர்களைவிட ‘எப்படிச் செய்தாய்?’ என்று கேட்டவர்கள் அதிகம். 1956-ல் அதையே ஒரு சின்னப் புத்தகமாக எழுதி 250 பிரதி அச்சிட்டான். பத்தே நாளில் தீர்ந்தது. பத்து வருடம் கழித்து, காரை முழுக்கப் பிரித்துப் படம்பிடித்து, மறுபடி பூட்டிக் காட்டும் மெக்கானிக் கையேடுகளை ஹேன்ஸ் வெளியிடத் தொடங்கினார். இந்தக் கதையில் அவருக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது.

1957-ல் சாப்மன், விட்டுப்போன ஓர் எண்ணுக்குத் திரும்பினார். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று லோட்டஸ்கள் வந்துவிட்டன. ஏழு மட்டும் காலி. அந்த எண்ணில் தொடங்கிய வண்டி வேறொருவர் பெயரில் முடிந்துபோயிருந்தது. அந்தக் காலியிடத்தில் வந்து உட்கார்ந்தது லோட்டஸ் செவன். கதவு கிடையாது. மழைக்கு ஒரு துணி. மூக்கு நீண்டு, முன்சக்கரங்கள் தனியே வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அடியில் அதே குழாய்க் கூண்டு. 1958-ல் ‘தி மோட்டார்’ பத்திரிகை ஓட்டிப் பார்த்த வண்டி மணிக்கு 80 மைலைத் தொட்டது. விலை 1,157 பவுண்டு. அதில் 386 பவுண்டு வரி.

மூன்றில் ஒரு பங்கு அரசாங்கத்துக்கு! ஆனால் அந்தக் கொள்முதல் வரி முழுக் காருக்குத்தான். உதிரியாக விற்றால் கிடையாது. ஃபோர்டு டீலர்களிடம் துண்டுதுண்டாக எஞ்சின் வாங்கிய மனுஷர் இதை விடுவாரா? உதிரிகளைப் பெட்டியில் போட்டு விற்ற கிட் ஏறக்குறைய பாதி விலைக்கு வந்தது. வரி அதிகாரிகளும் சும்மா இல்லை. பெட்டிக்குள் பூட்டும் முறையைச் சொல்லும் குறிப்பு இருக்கக் கூடாது என்பது விதி. இருந்தால் அது கார்தான், வரி கட்டு. ஆயிரம் உறுப்புகள், வழிகாட்ட ஒரு காகிதம் கிடையாது.

லோட்டஸ் ஒரு குறிப்பைப் போட்டே அனுப்பியது. அது காரைப் பூட்டும் முறை அல்ல, கழற்றும் முறை. பிரிப்பதற்கு வழி சொல்லக் கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லை. வாங்கியவர் கராஜில் உட்கார்ந்து அதைக் கடைசி வரியில் தொடங்கி முதல் வரிவரை படித்தால் கார் நிற்கும்.

பிறகு சாப்மனின் பாதை மாறியது. 1962-ல் குழாயே இல்லாத ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்தார். அடுத்த வருடம் ஜிம் கிளார்க் அதில் உலகப் பட்டம் வென்றார். கராஜில் பூட்டும் செவன் வளர்ந்த வீட்டில் ஏழைச் சொந்தக்காரனாகிவிட்டது. இரண்டாம் பதிப்பில் செலவைக் குறைக்கக் கூண்டிலிருந்து சில குழாய்களையே எடுத்துவிட்டார்கள். 1967-ல் ‘தி பிரிசனர்’ என்ற டிவி தொடரில் பேட்ரிக் மெகூகன் அதை ஓட்டிவந்து புகழ் சேர்த்தார். அதன் கடைசி அத்தியாயத்தில் அந்தக் காரைக் கொண்டுவந்து ஒப்படைப்பவராக ஒரு நொடி தலைகாட்டியவர் கிரஹாம் நியர்ன். நிஜ வாழ்க்கையிலும் சர்ரே பகுதியில் கேட்டரம் என்ற ஊரில் செவன் விற்கும் கடைக்காரர். அடுத்து வந்ததை அவர் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

1973-ல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது; ஏப்ரலில் கொள்முதல் வரி போய் வாட் வந்தது. உதிரிக்கும் வரி, முழுசுக்கும் வரி. கிட் காரின் சூட்சுமம் ஒரே நாளில் செத்தது. லோட்டஸ் செவனைக் கைகழுவ, நியர்ன் உரிமையை வாங்கிக்கொண்டார். கைக்கு வந்தது ஃபைபர்கிளாஸ் கூடு போட்ட நான்காம் பதிப்பு. கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு, 1974-ல் பழைய மூன்றாம் பதிப்புக்கே திரும்பிவிட்டார். வரியில்லா லாபம் போன பிறகும் ஜனங்கள் கிட்டைக் கேட்டு வாங்கினார்கள். கராஜில் பூட்டுவதற்கு வரி ஒரு சாக்காகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் விலை ஏற ஏற, காயலான் கடையில் தொடங்கிய கார் காசுள்ளவர்கள் விளையாட்டாகிவிட்டது.

1996-ல் ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் ரான் சாம்பியன், பள்ளி ஆசிரியர். 250 பவுண்டுக்குள் உங்கள் விளையாட்டுக் காரை நீங்களே கட்டுங்கள் என்பது தலைப்பின் சாரம். வெளியிட்டது, பள்ளி வயதில் அதே வேலையைச் செய்து 250 பிரதி விற்ற ஜான் ஹேன்ஸின் நிறுவனம். கிட்டே வேண்டாம் என்றார் சாம்பியன். ஒரு பழைய ஃபோர்டு எஸ்கார்ட், ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாய், ஒரு வெல்டிங் மெஷின். தட்டையான பலகைமேல் சட்டத்தை முழு அளவில் வரைந்து, கோட்டை ஒட்டி மரக்கட்டைகளைத் திருகி, அவற்றுக்கு நடுவில் குழாய்களை வைத்து முதலில் புள்ளிப் புள்ளியாக டாக் அடிக்க வேண்டும். பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் வைத்து அளக்க வேண்டும். இரண்டும் சமமாக வந்தால்தான் முழு வெல்டிங். அதுவும் ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம். ஒரே பக்கமாகச் சுட்டால் இரும்பு இழுத்துக்கொண்டு வளைந்துவிடும்.

இன்று வீட்டு கராஜ்களில் ஸ்டாண்டின்மேல் ஏறி நிற்கிற அந்தக் குழாய்க் கூண்டு, வீட்டுக்காரர் சும்மா ‘கிட் கார் சேசிஸ்’ என்று சொல்லிவிடுகிற சாமான், இப்படி வந்து சேர்ந்ததுதான். அவற்றில் வயதானவை இப்போது பழுதுக்கு வருகின்றன. அலுமினியத் தகடும் இரும்புக் குழாயும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் இரண்டையும் அரித்துவிடும். வெளியே பளபளப்பு, ரிவெட்டைத் துளைத்துத் தகட்டை எடுத்தால் உள்ளே துரு. அரித்த குழாயை வெட்டிப் புதுசு வைக்க எஞ்சின், ஆக்ஸில், ஸ்டியரிங் எல்லாம் முதலில் இறங்க வேண்டும். வரிக்காரரை ஏய்க்க லோட்டஸ் எழுதிய கழற்றும் குறிப்பை, அப்போதுதான் மேலிருந்து கீழே படிக்கிறார்கள்.