திருவரங்கத்திலிருந்து ஒரு துர்க்கனவு

யூசுகே கிஷியின் 2008ஆம் ஆண்டு நாவலைத் தழுவி 2012-13இல் ஒளிபரப்பான அனிமே தொடர் 'ஷின் செகாய் யோரி'. மனோசக்தியால் பொருள்களை அசைக்கும் சிறுவர்களின் கதை. அச்சக்தியை அடக்கத் தெரியாத பிள்ளைகளை ஊர்ப் பெரியவர்கள் சத்தமின்றி அகற்றிவிடுகிறார்கள். தோழர்களின் நினைவிலிருந்தும் அழித்துவிடுகிறார்கள்.

தமிழில் இதற்கு நெருக்கமானது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. திருவரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்து, திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர் அவர். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அந்நாவலில் பெயருக்கு இரண்டே எழுத்து; குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். நெருக்கடி நிலைக் காலத்தில் (1975-77) கட்டாயக் கருத்தடையைக் கண்ட நாட்டில் இது வெறும் கற்பனையாக இருந்திருக்க முடியாது. மக்கள் தொழும் தலைவன் ஜீவாவோ வெறும் பிம்பம்.

இரு கதைகளிலும் பெண்ணொருத்தி கடைசியில் ஆட்சிப் பொறுப்புக்கு வருகிறாள் என்பதே கவனத்துக்குரியது. 'மீண்டும் ஜீனோ'வில் நிலா அரசியாக இருக்கிறாள். ஆனால் ஆட்டுவிப்பவர்கள் வேறு. பிம்பம்தான் மாறியது. சாகியும் தலைமை ஏற்கிறாள். ஆனால் நடந்தவற்றை, மறைக்கப்பட்டவற்றையும் சேர்த்து, ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோருக்காக எழுதி வைக்கிறாள்.

அரியணையைக் காட்டிலும் அந்த ஏடுதான் அதிகாரத்துக்கு ஆபத்தானது. பதினான்காம் நூற்றாண்டின் படையெடுப்பையும் அழிவையும் 'கோயிலொழுகி'ல் பதிந்து வைத்த திருவரங்கத்துக்கு இது புதிய செய்தி அல்ல.